ஒற்றைக் கால் குயவரின் கடிதங்கள்

கைத்தொழிலால் ஜீவித்த மனிதர்களுடைய சரித்திரம் பெரும்பாலும் அவர்கள் செய்துவைத்த பொருள்களோடு நின்றுவிடுகிறது. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தியும் வியாபாரிகளுக்குக் கணக்குப் புத்தகமும் வாய்த்திருக்க, சக்கரத்தின் முன்னும் உலையின் முன்னும் ஆயுளைக் கழித்தவன் மாலையில் வீடு திரும்பி மனைவியிடம் என்ன பேசினான், சூளையில் பாண்டமெல்லாம் வெடித்துப்போன இரவில் எப்படித் தூங்கினான், தன் பிள்ளைகள் தன் தொழிலை ஏற்பார்களோ மாட்டார்களோ என்று எவ்வாறு கவலைப்பட்டான் என்பவற்றை நாம் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. இதற்கு விலக்காக அமைந்தவர் வெகு சிலர். அவர்களுள் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பிரதேசத்திலே பிறந்து, குயவர் மகனாக மண் பிசைந்து வளர்ந்து, அரண்மனைகளுக்குப் பாத்திரம் அனுப்பும் அளவுக்கு உயர்ந்த ஜோசையா வெட்ஜ்வுட். அவர் செய்த நீல நிறக் கலங்களை, வெள்ளையாகப் புடைத்தெழுந்த கிரேக்க உருவங்களோடு கண்காட்சிசாலைகளில் பார்த்தவர்கள் அநேகர். அவர் தம் சிநேகிதர் தாமஸ் பென்ட்லிக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்தவர்கள் அவ்வளவு பேர் இரார். கலங்களைவிடக் கடிதங்களே அந்த மனிதரை நமக்கு அதிகம் காட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குடும்பத்தின் காகிதங்கள் அழியாமல் தப்பியதே ஒரு தற்செயல். 1848-ஆம் வருஷம் லிவர்பூல் பொற்கொல்லரும் பழம்பொருள் சேகரிப்பவருமான ஜோசப் மேயர் என்பவர் பர்மிங்ஹாம் நகரில் மழைக்கு ஒதுங்கி ஒரு பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்தாராம். அங்கே குவிந்து கிடந்த கணக்குப் புத்தகங்களையும் காகிதக் கட்டுகளையும் புரட்டிப் பார்த்தபோது அவை வெட்ஜ்வுட் தொழிற்சாலையைச் சேர்ந்தவை என்று கண்டாராம். அவற்றைக் கடைக்காரர் தாள் தாளாகக் கிழித்து, வெண்ணெயும் பன்றி இறைச்சியும் மடித்துக் கொடுக்க அக்கம்பக்கத்து மளிகைக்காரர்களுக்கு விற்று வந்தாராம். எஞ்சியதை மேயர் விலைக்கு வாங்கினார். அந்தப் பொக்கிஷத்தைக் கொண்டுதான் எலைசா மெட்யார்ட் என்ற அம்மையார் 1865, 1866-ஆம் வருஷங்களில் வெட்ஜ்வுட்டின் வாழ்க்கைச் சரிதத்தை இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வம்சத்துப் பெண்மணி ஒருவர் கடிதங்களைத் தனியாக அச்சிட்டுச் சுற்றத்தாருக்கு வழங்கினார். எத்தனை தாள்கள் வெண்ணெய் சுற்றப் போயின என்பதை யார் கணக்கிடுவது?

ஜோசையா 1730-இல் பர்ஸ்லம் என்ற சிற்றூரில் தாமஸ் வெட்ஜ்வுட்டின் பெருங்குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். மாதாகோயில் மதிலை ஒட்டியிருந்தது அவர்களுடைய சூளை. ஒன்பது வயது நிரம்புமுன் தந்தை காலமானார். இளைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வயது வந்தபின் 20 பவுன் என்பது அவர் எழுதிவைத்த உயில். 1744-இல் தம் மூத்த தமையனிடமே ஐந்து வருஷத்துக்கு எழுத்துமூலம் தொழில் பழகச் சேர்ந்தார். அதற்கு முன்பே, பெரியம்மை கண்டு பிழைத்ததன் மிச்சமாக அவருடைய வலது முழங்காலில் தீராத நோய் தங்கிவிட்டது. குயவனுக்குக் கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், சக்கரத்தை உதைத்துச் சுழற்றும் கால். அது அவருக்கு ஒத்துழைக்கவில்லை. ஆகையால் வனைவதை விட்டு, மண்ணின் கலவை, மெருகு, நிறம், வேக்காடு ஆகியவற்றில் அவர் கவனம் திரும்பியது. கால் நோய்தான் அவரைப் பெரிய ஆராய்ச்சிக்காரர் ஆக்கியது என்று சரிதக்காரர்கள் எழுதுவது வழக்கம். நோவு எல்லோருக்கும் வருகிறது, எல்லோரும் ஆராய்ச்சிக்காரர்கள் ஆகிவிடுவதில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துக் கொண்டிருக்கலாம்.

1759-ஆம் வருஷம் பிப்ரவரியில் அவர் தமது பரீட்சைப் புத்தகத்தைத் தொடங்கினார். அப்போது அவர் தாமஸ் வீல்டன் என்ற புகழ்பெற்ற குயவரோடு கூட்டாளி. அவ்வருஷமே தனித்தொழில் ஆரம்பித்தார். ஒவ்வொரு பரீட்சைக்கும் ஓர் எண். அதே எண் சுட்ட ஓட்டுச் சில்லிலும் பொறிக்கப்படும். என்ன மண், என்ன அளவு என்பது சங்கேத எழுத்தில் இருக்கும். சூளையில் எந்த இடத்தில் வைத்துச் சுட்டது என்பதும் சுருக்கெழுத்தாகக் குறிக்கப்படும். முதல் வேக்காட்டுச் சூளையின் உச்சி மேலடுக்கு என்பதற்கு நான்கே எழுத்துகள். ஒரே கலவை அடியில் ஒரு விதமாகவும் உச்சியில் வேறு விதமாகவும் வெந்து வரும் என்பது எந்தக் குயவனுக்கும் தெரியும். அதை எழுதி வைத்தால் அடுத்த முறை உதவும் என்று கருதி, முப்பது வருஷ காலம் விடாமல் எழுதி வைத்ததில்தான் வெட்ஜ்வுட் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். அந்தச் சில்லுகள் தட்டுத் தட்டாக இன்றும் இருக்கின்றன.

1762-இல் வியாபார நிமித்தம் குதிரை மேல் லிவர்பூலுக்குப் போகும் வழியில் அந்த முழங்கால் மறுபடியும் அடிபட, சில வாரங்கள் அந்நகரிலேயே படுக்கையில் கிடக்க நேர்ந்தது. வைத்தியம் பார்த்த மாத்யூ டர்னர், நோயாளிக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று தம் நண்பரொருவரை அழைத்து வந்தார். அவர்தாம் பென்ட்லி: கிரேக்கமும் லத்தீனும் கற்றவர், ஐரோப்பாவில் சுற்றியவர், வர்த்தகர், இனிய சுபாவம் உடையவர். பர்ஸ்லம் மண்ணைத் தவிர வேறொன்றும் முறையாகக் கல்லாத குயவருக்கு அந்த மனிதர் ஒரு பல்கலைக்கழகமாகவே அமைந்துவிட்டார். ஊர் திரும்பியதும் எழுதத் தொடங்கிய கடிதங்கள் பதினெட்டு வருஷம் ஓயவில்லை. பென்ட்லியின் கடிதம் வந்தால் முத்திரையை உடைப்பதற்கு முன்பே, உறையைக் கையில் தொட்ட மாத்திரத்திலேயே தம் உள்ளம் குளிர்கிறது என்று வெட்ஜ்வுட் ஓரிடத்தில் எழுதுகிறார். அவற்றைப் புத்தகமாகக் கட்டிவைத்து மீண்டும் மீண்டும் படித்திருக்கிறார். ஆனால் அத்தனை அருமையாகப் போற்றிய அந்தக் கடிதங்கள்தாம் இன்று இல்லை. ஒரு பக்கத்துப் பேச்சு மட்டுமே நம் காதில் விழுகிறது. பென்ட்லி என்ன கேட்டார், எதை மறுத்தார் என்பதை வெட்ஜ்வுட்டின் பதில்களிலிருந்து நாமே பின்னிக்கொள்ள வேண்டும்.

விவாகச் செய்தியும் இக்கடிதங்களில்தான் இருக்கிறது. மணமகள் ஸாரா, அதாவது ஸாலி, தூரத்து உறவுப் பெண். அதே குடும்பப் பெயர் கொண்டவள். அவளுடைய தந்தை செஷயரில் பாலாடைக்கட்டி வியாபாரம் செய்து செல்வம் சேர்த்தவர். மகள் பேருக்குத் தாம் கொடுப்பதற்கு ஈடாக மாப்பிள்ளையும் சொத்து எழுதிவைக்க வேண்டும் என்று அந்த மனிதர் பிடிவாதம் பிடிக்க, வக்கீல்கள் வந்து போக, காதலித்தவர் இடையில் அகப்பட்டுத் தவித்த தவிப்பைப் பென்ட்லிக்கு எழுதுகிறார். பேரம் ஒருவழியாக முடிந்து 1764-ஆம் வருஷம் ஜனவரியில் கல்யாணம் நடந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் சம்பந்தம் பேசும் திண்ணைகளை அறிந்தவர்களுக்கு அந்த வக்கீல் விவகாரம் அந்நியமாகத் தோன்றாது.

ஸாலியைப் பற்றி அவர் எழுதியவை எனக்கு மிகவும் பிடித்தவை. 1765-இல் லண்டனிலிருந்த தம் தமையன் ஜானுக்கு எழுதுகையில், பரீட்சைகளில் அவளே தமக்குப் பிரதான துணை என்றும், ஒரே சமயத்தில் பல வேலைகள் அவளை அலைக்கழிக்காதிருக்கும்பொருட்டு நூல் நூற்கும் ராட்டினத்தைத் தட்டுமுட்டுச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டதாகவும், தமது சங்கேத எழுத்துகளை எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள், படிக்கத்தான் இன்னும் வரவில்லை என்றும் தெரிவிக்கிறார். அக்காலத்தில் ஒரு குடும்ப ஸ்திரீயின் அடையாளமே ராட்டினம். அது மூலைக்குப் போக, அதன் இடத்தில் மெருகுக் கலவைகளின் சூத்திரங்கள் வந்து உட்கார்ந்தன. கணவர் தயங்காமல் நம்பித் தந்த ரகசியம் அது; மற்றக் குயவர்கள் தெரிந்துகொள்ள எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்கள். பின்னொரு கடிதத்தில், ஸாலியின் சம்மதம் இல்லாமல் முக்கியமான எந்தப் பாத்திரமும் தம் சாலையில் முடிவு பெறுவதில்லை என்கிறார். மூடி கையில் பிடிக்க வசதியாக இருக்கிறதா, தேநீர்க் கூஜாவின் மூக்கு ஒழுகாமல் ஊற்றுகிறதா என்பவற்றைத் தினமும் பாத்திரத்தைப் புழங்கும் பெண் அறிவாளா, வனையும் ஆண் அறிவானா? வெட்ஜ்வுட் இதில் தாக்ஷிண்யமாகப் பேசவில்லை, வியாபாரியாகவே பேசினார் என்று நினைக்கிறேன். அவருடைய புகழுரையில் எனக்குப் பிடித்ததும் அதுவே.

அந்த வருஷமே மகாராணி சார்லட்டுக்குத் தேநீர்ப் பாத்திரத் தொகுதி ஒன்று செய்யும் வாய்ப்பு வந்தது. பொன் பூச்சின் மேல் பச்சை நிறத்தில் பூக்கள் எழும்பி நிற்க வேண்டும் என்பது உத்தரவு. வேறெவரும் அதை ஏற்கத் துணியவில்லை. அரண்மனை சம்பந்தமான விவரங்களை நேரில் விசாரித்து வரும்படி தமையனுக்கு எழுதும் வெட்ஜ்வுட், போகும்போது உங்களிடமுள்ள உடுப்புகளிலேயே மிகச் சிறந்ததை அணிந்துகொண்டு போங்கள் என்று எச்சரிக்கிறார். அந்த வாய்ப்பின் பயனாக அவருடைய பாலேட்டு நிறப் பாத்திரம் ராணியின் பெயரைப் பெற்று உலகெங்கும் விலை போயிற்று. விலை போனதைக் கண்டு பூரித்துவிடாமல், இந்தப் பிரசித்தியில் எவ்வளவு பங்கு பாத்திரத்தின் உபயோகத்துக்கும் அழகுக்கும் உரியது, எவ்வளவு பங்கு அது அறிமுகமான ராஜபாட்டைக்கு உரியது என்று 1767-இல் பென்ட்லியைக் கேட்கிறார். அந்தத் தமையன் ஜானோ அதே 1767-இல் தேம்ஸ் நதியில் மூழ்கி இறந்தார். லண்டனில் தமக்குக் கண்ணாகவும் காதாகவும் இருந்தவரை அவ்வாறு இழந்தார் ஜோசையா.

அதற்கடுத்த வருஷம் கால் போயிற்று. நோவு முற்றி உயிருக்கே ஆபத்து என்ற நிலை வரவே, வைத்தியரும் நண்பருமான எராஸ்மஸ் டார்வினின் யோசனைப்படி, 1768 மே 28-ஆம் தேதி வீட்டிலேயே வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். கொஞ்சம் அபினி மருந்துதான் துணை. நாற்காலியில் உட்கார்ந்து தம் கண்ணாலேயே பார்த்துக் கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அன்று அவரால் எழுத முடியாது அல்லவா? ஆகையால் அந்தச் செய்தி வேறொருவர் கைப்பட நமக்குக் கிடைக்கிறது. லண்டன் கிடங்குக்கு எழுதிய சாலைக் கணக்குப்பிள்ளை, உங்கள் கடிதம் கிடைத்தது, அதற்கு இப்போது பதில் சொல்ல இயலாது, எஜமானருக்கு இன்று கால் எடுக்கப்பட்டது, அத்தகைய ரணசிகிச்சைக்குப் பின் எவ்வளவு சௌக்கியமாக இருக்கலாமோ அவ்வளவு சௌக்கியமாக இருக்கிறார் என்று தெரிவித்துவிட்டுச் சரக்கு விவரத்துக்குத் திரும்பிவிடுகிறார். அந்தக் கணக்குப்பிள்ளை கல்நெஞ்சர் அல்லர். சூளை எரிந்துகொண்டிருக்க, வண்டி புறப்படக் காத்திருக்க, சரக்குச் சீட்டு எழுதியாக வேண்டும். அவர் அறிந்த நடை அது. எந்த மகாகவியின் புலம்பலைவிடவும் அந்தக் குறிப்பு என்னை அதிகமாக உறுத்துகிறது.

சில தினங்களுக்குள் கைக்குழந்தை ரிச்சர்ட் இறந்துபோனான். தந்தை படுக்கையில், தாய் ஒரு கையால் கணவர் புண்ணையும் மறு கையால் துக்கத்தையும் கவனித்துக் கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குள்ளாகவே வெட்ஜ்வுட் பென்ட்லிக்குத் தம் கையால் எழுதத் தொடங்கிவிட்டார். ஜாடிகளின் உருவ அமைப்பும் லண்டன் கடையின் வாடகையும் அதில் வருகின்றன; குழந்தையைப் பற்றி அதிகம் இல்லை. சித்திரக்காரர்களுக்கு மரப்பொம்மைகள் செய்து கொடுக்கும் லண்டன் தொழிலாளி ஒருவரிடம் அவருக்கு மரக்கால் தயாராயிற்று. பிற்காலத்தில் மே 28-ஆம் தேதியை, கத்தோலிக்கர்கள் புனிதர்களின் நாளைக் கொண்டாடுவது போல, கால் வெட்டிய திருநாள் என்று வேடிக்கையாகப் பெயரிட்டுக் குடும்பத்தோடு கொண்டாடினார். சாலையில் குறையுள்ள பாத்திரம் கண்ணில் பட்டால் அதைத் தடியால் உடைத்து, இது ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கு ஆகாது என்று சாக்கட்டியால் எழுதிச் செல்வார் என்ற கதை அவ்வூரில் வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும், அவருடைய மரக்கால் ஓசை கேட்டதும் தொழிலாளர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நம்பக் கஷ்டமில்லை.

1769 ஜூன் 13-ஆம் தேதி, பர்ஸ்லத்துக்கு அருகில் புதிதாக எழுந்த எட்ரூரியா தொழிற்சாலை தொடங்கியது. டிரென்ட், மெர்ஸி நதிகளை இணைக்கும் கால்வாய் அதன் வாசலை ஒட்டியே போகவிருந்தது. 1766-இல் அதற்கு முதல் மண்ணை வெட்டியவரும் வெட்ஜ்வுட்தான். பொதிக்குதிரை முதுகில் போய்ப் பாதி உடைந்த சரக்கு இனிப் படகில் போகும் என்பது அவர் கணக்கு. தொடக்க நாளில் பென்ட்லி நின்று சக்கரத்தைச் சுழற்ற, ஒற்றைக் கால் குயவர் அமர்ந்து ஆறு கறுப்பு ஜாடிகளை வனைந்தார். அவரை ஒரு குயவராக, மண் தோய்ந்த கைகளோடு, நாம் கடைசியாகக் காண்பது ஏறக்குறைய அந்த நாளில்தான். அதற்குப் பிறகு அவர் மேற்பார்வையாளர், ரசாயன ஆராய்ச்சிக்காரர், முதலாளி.

முதலாளியின் குரல் கடிதங்களில் வரவர உரத்துக் கேட்கிறது. அதே வருஷம் எழுதிய ஒரு கடிதத்தில், தவறே செய்ய முடியாத யந்திரங்களாகத் தம் ஆட்களை ஆக்கிவிட விரும்புவதாகச் சொல்கிறார். அவர் சாலையில் மணியடித்தால் வேலை, மணியடித்தால் உணவு. மண் பிசைபவர் வேறு, வனைபவர் வேறு, கடைசல் பிடிப்பவர் வேறு, கைப்பிடி ஒட்டுபவர் வேறு, வர்ணம் தீட்டுபவர் வேறு. முன்பு பர்ஸ்லத்துக் குயவன் திருவிழா வந்தால் வாரம் முழுவதும் குடித்துக் கிடந்து, பிறகு இரவு பகலாய்ப் பாடுபட்டுக் கடனை அடைப்பான். அவனே மண் வெட்டி, அவனே வனைந்து, அவனே சுடுவான். அவனை யந்திரமாக்க விரும்பியவர், தம்மைத் தடுத்த முழங்காலை மறந்துவிட்டாரோ என்று நினைக்கத் தோன்றுகிறது. நேர்த்தியான பாத்திரத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் தொழிலாளி தன் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட நம்மிடம் இல்லாதபோது, தீர்ப்பை ஒரு பக்கச் சாட்சியை வைத்து எழுதுகிறோம் என்ற நினைவாவது வேண்டும். 1772-ஆம் வருஷத்துப் பணமுடையின்போது ஒவ்வொரு ஜாடிக்கும் ஆன செலவைத் துருவிக் கணக்கிட்ட அவர், வாடகை, அச்சு, விறகு நிலக்கரி, ஆள் சம்பளம் என்பவற்றில் பெரும்பகுதி சரக்கு அதிகமானாலும் குறைந்தாலும் கடிகாரம்போல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கண்டு, ஆகவே அதிகம் செய்து விலையைக் குறைப்பதே லாபம் என்று பென்ட்லிக்கு விளக்குகிறார். இன்று வர்த்தகக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லும் விஷயத்தை ஒரு குயவர் நண்பருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1769, 1770-இல் கண் நோய் வேறு. கண்முன் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன; பார்வை போய்விடும் என்று பயந்தார். பிறர் கண்களால் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று பென்ட்லிக்கு எழுதினார். தெய்வாதீனமாகக் கண் தேறியது. அது தேறிய பின்புதான் அவருடைய வாழ்நாளின் பெரிய முயற்சி: மெருகே இல்லாமல், சுட்ட மண்ணே சலவைக்கல் போல் மென்மையாகவும், நிறம் உடம்பெல்லாம் ஊறியதாகவும் வரவேண்டும். 1770-களின் மத்தியில் எழுதிய கடிதங்களில் அந்த வேதனை வாரந்தோறும் தெரிகிறது. ஒரு சூளையில் அற்புதமாக வருவது அடுத்த சூளையில் கொப்புளிக்கும், உருகும், வெடிக்கும். இறுதியில் விடையாக வந்தது டெர்பிஷயர் ஈயச் சுரங்கங்களில் வேண்டாத கழிவாக ஒதுக்கப்பட்ட கனமான ஒரு வெள்ளைக் கல். போட்டிக் குயவர்கள் அதைக் கண்டுகொள்ளாமலிருக்க அக்கல்லை முதலில் லண்டனுக்கு அனுப்பி, பொடித்து, அடையாளம் தெரியாமல் எட்ரூரியாவுக்குத் திருப்பிக் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்தார். 1777 முடிவதற்குள் நினைத்தபடி நினைத்த நிறத்தில் அதைச் செய்யும் திறன் கைவந்துவிட்டது. நாம் கண்காட்சிசாலையில் காணும் வெளிர் நீலம் அதுதான்.

ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரினுக்காக 1773, 1774-இல் செய்த 952 பாத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ஒவ்வொன்றிலும் இங்கிலாந்தின் காட்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளை முத்திரை. அரண்மனை இருந்த இடம் தவளைச் சதுப்பு. இங்கே அவ்வளவு போதும். கடிதங்களில் எனக்கு அதைவிடச் சுவையானவை வீட்டுச் செய்திகள். குழந்தைகள் எட்டுப் பேர் பிறந்தார்கள், மூத்தவள் ஸூக்கி. கடைசிப் பெண் மேரி ஆனுக்குப் பல் முளைக்கும் பருவத்தில் வலிப்பு வர, டார்வின் ஈறுகளைக் கீறியும் மின்சாரம் பாய்ச்சியும் சிகிச்சை செய்ததை வெட்ஜ்வுட் நாள்தோறும் எழுதுகிறார். அந்தக் குழந்தை எட்டு வயதுவரைகூட ஜீவித்திருக்கவில்லை. 1780-இல் ஸ்டப்ஸ் என்ற குதிரை ஓவியர் எட்ரூரியாவில் தங்கிக் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் தீட்டியபோது, குதிரைகள் பிரமாதம், மனைவி முகமும் பெண்கள் முகமும் சரியாக வரவில்லை என்பது குயவரின் தீர்மானம். பாத்திரத்தின் விளிம்பில் மயிரிழைக் கோணல் கண்டுபிடிக்கும் கண் மனைவியின் முகத்தில் தவறை விடுமா?

1779-இல் அவர் பிள்ளைகளின் எதிர்காலத்தை வரைந்து காட்டும் கடிதம் ஒன்று இருக்கிறது. மூத்தவன் ஜான் நிலபுலன்களோடு கனவானாக வாழட்டும். ஜோஸும் டாமும் குயவர்களாகிக் கூட்டாளிகளாகத் தொழில் நடத்தட்டும். அதில் டாம் ஊர் ஊராகப் போய் வியாபாரம் பேசட்டும், ஜோஸ் சாலையைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத் தக்கபடி பள்ளியை விட்டு நிறுத்தி, வீட்டிலேயே பிரெஞ்சு யுத்தக் கைதி ஒருவரை ஆசிரியராக அமர்த்தி அவர்களுக்குப் பிரெஞ்சு கற்பித்தார். மண்ணைத் தொட்டு மேலே வந்தவர், பிள்ளைகளுக்குக் கனவானின் படிப்பையும் குயவனின் தொழிலையும் ஒருங்கே கொடுக்க நினைத்தார். அவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை அன்பு மறைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

1780 நவம்பர் 26-இல் பென்ட்லி காலமானார். அதோடு கடிதங்களின் உயிர் போய்விட்டது. அதற்குப் பின்னும் வெட்ஜ்வுட் பதினான்கு வருஷம் வாழ்ந்தார். சூளையின் உஷ்ணத்தை அளக்கும் கருவி செய்து 1783-இல் ராயல் சொசைட்டி அங்கத்தினரானார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக, விலங்கிட்ட கறுப்பின மனிதன் மண்டியிட்டு மன்றாடும் உருவத்தைச் சின்னமாகச் செய்து 1787 முதல் இலவசமாக வழங்கினார். பல வருஷம் பாடுபட்டு 1790-இல் போர்ட்லண்ட் ஜாடி என்ற புராதனக் கலத்தின் நகலை முடித்தார். இவை குறித்தெல்லாம் காகிதங்கள் உள்ளன, கனவான்களுக்கு எழுதிய மரியாதைக் கடிதங்களும் உள்ளன. ஆனால் இன்று சூளை என்னைக் கைவிட்டது என்று உள்ளம் திறந்து சொல்லும் குரல் அவற்றில் இல்லை.

அந்த 1790-ஐ ஒட்டி, மகன் ஜோஸ் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று மட்டும் மறுபடியும் உண்மைக் குரலில் பேசுகிறது. லண்டன் கடையை ஏற்று நடத்தும்படி தந்தை சொன்னார். எல்லோருக்கும் நான் சமம் என்ற எண்ணத்திலேயே வெகுகாலமாகப் பழகிவிட்டேன், கடைக்கு வருவோர் காட்டும் இறுமாப்பை என்னால் பொறுத்துக்கொள்ள இயலாது என்று மகன் மறுத்தார். மகனை அவ்வாறு வளர்த்தவர் யார் என்பதைத் தந்தை அறிவார். 1793-இல் ஜானும் டாமும் தந்தையின் தொழில் கூட்டிலிருந்து விலகினார்கள். ஜான் தோட்டக்கலையில் ஈடுபட்டார். டாம் வெள்ளி உப்பு தோய்த்த தோலில் சூரிய வெளிச்சத்தால் நிழலுருவம் பதிக்கும் பரீட்சைகளைச் செய்து 1805-இல் இளவயதிலேயே மறைந்தார். ஸூக்கி அந்த டார்வின் வைத்தியரின் மகனை மணந்து, 1809-இல் சார்ல்ஸ் டார்வினைப் பெற்றெடுத்தாள். தந்தை 1795 ஜனவரியில் இறந்த பின், ஜோஸ் தென்பகுதியில் நிலக்கிழாராக வாழப் போய்விட்டார். சாலையை உறவினர் ஒருவர் பார்த்துக்கொண்டார். கடனும் நஷ்டமும் பெருகியபின் ஜோஸே திரும்பிவர வேண்டியதாயிற்று. 1820-களின் இறுதியில் லண்டன் கடையை மூடி, அங்கிருந்த சரக்கையும் பழைய மாதிரிகளையும் ஏலம் கூறி விற்கும்படி உத்தரவிட்டவரும் அவர்தான்.